ஐந்து சதவீதக்காரர் கலூஸ்ட் குல்பெங்கியான்

கலூஸ்ட் சார்கிஸ் குல்பெங்கியான் (23 மார்ச் 1869 – 20 ஜூலை 1955) ஆர்மீனிய இனத்துப் பெட்ரோலியப் பொறியாளர். எண்ணெய் ஒப்பந்தங்களின் சூத்திரதாரி. 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கலைப்பொருள் சேகரிப்பாளர்களில் ஒருவர். இன்றைய இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் பிறந்தார், லண்டனில் படித்தார், பாரிசில் மாளிகை வாங்கினார், லிஸ்பனில் ஒரு ஹோட்டலில் கடைசிப் 13 ஆண்டுகளைக் கழித்தார். 86 வயது வரை வாழ்ந்த அவர் எண்ணெயில் கேட்டது ஐந்து சதவீதம்தான். அந்த ஐந்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆர்மீனிய வணிகர்கள் தமிழருக்குப் புதியவர்கள் அல்ல. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் பணத்தில் அமைந்தவையே. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சேறியதும் சென்னையில்தான். ஊர் ஊராகப் போய்ப் பொருள் ஈட்டி, அதில் ஒரு பகுதியை ஊருக்கே திருப்பிச் செலவிடும் இந்த மரபில் வந்தது குல்பெங்கியான் குடும்பம்.

அப்பா சார்கிஸ் மண்ணெண்ணெய் வியாபாரி. மகன் சிறுவனாக இருந்தபோதே கடைவீதியில் பழைய நாணயங்களைத் தேடி வாங்கத் தொடங்கிவிட்டான். மார்சேயில் பிரெஞ்சு பயின்று, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்து, 1887-இல் முதல் வகுப்பில் தேறியபோது வயது 18. மேற்கொண்டு இயற்பியல் படிக்கும் ஆசை இருந்ததாகவும், அப்பா அதை ஏற்காமல் தொழில் பழக அனுப்பியதாகவும் சொல்வார்கள். 1888-இல் காஸ்பியன் கரையிலுள்ள பாக்குவுக்குப் போனார். அன்று உலகின் எண்ணெய்த் தலைநகரங்களில் ஒன்று அது. அந்தப் பயணத்தைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூல் 1891-இல் வெளிவந்தது. 22 வயதில் எண்ணெய் விவரம் தெரிந்தவர் என்ற பெயர் வந்துவிட்டது.

பாக்கு எண்ணெய் நம் வீடுகளுக்கும் வந்தது. 1890-களில் ரஷ்ய மண்ணெண்ணெய் இந்தியத் துறைமுகங்களில் ஏராளமாக இறங்கியது. ‘மியூரெக்ஸ்’ என்ற டாங்கர் கப்பல் 1892-இல் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்த பிறகு மொத்தமாகவே கொண்டுவர முடிந்தது. ஆமணக்கெண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அந்தக் கப்பலை விட்ட மார்க்கஸ் சாமுவேலின் ‘ஷெல்’ நிறுவனமும் டச்சுக்காரர்களின் ‘ராயல் டச்’ நிறுவனமும் 1907-இல் கைகோத்ததில் குல்பெங்கியானுக்கும் பங்கு உண்டு.

அதற்கு முன்னரே அவர் ஊரை இழந்திருந்தார். 1896-இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டபோது குடும்பத்தோடு எகிப்துக்குத் தப்பினார். 1902-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு நாட்டையும் முழுதாக நம்பாமல், பல நாடுகளோடும் கணக்கு வைத்துக்கொண்டே வாழ்ந்ததற்கு இந்த ஓட்டமும் காரணமாக இருக்க வேண்டும்.

மெசபொட்டேமியாவின் (இன்றைய ஈராக்) எண்ணெய்க்காக 1912-இல் துருக்கி பெட்ரோலியக் கம்பெனி உருவானது. பின்னணியில் இருந்து அதை ஒட்டவைத்தவர் குல்பெங்கியான். 1914 மார்ச்சில் பங்கு பிரித்தபோது ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனிக்குப் பாதி, ஷெல்லுக்குக் கால், ஜெர்மன் வங்கிக்குக் கால் என்று ஆனது. முதல் இரண்டு தரப்பும் தம் பங்கிலிருந்து ஆளுக்கு இரண்டரை சதவீதம் அவருக்கு ஒதுக்கின. போர் வந்தது, பேரரசு போனது, ஜெர்மன் பங்கு பிரான்சுக்குக் கைமாறியது, அமெரிக்கர்கள் உள்ளே வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து அந்த ஐந்தைக் கரைத்துவிடப் பார்த்தார்கள். அவர் வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

1927 அக்டோபரில் கிர்க்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 31-இல் கையெழுத்தான ஒப்பந்தம் நான்கு பெரிய தரப்புகளுக்கும் ஆளுக்கு 23.75 சதவீதம், குல்பெங்கியானுக்கு 5 என்று முடிவு செய்தது. வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் அடங்கிய பகுதியில் யாரும் தனியாக எண்ணெய் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. பேரரசின் எல்லை இதுதான் என்று அவரே சிவப்புப் பென்சிலால் கோடு கிழித்தார் என்ற கதை பிரபலம். அது பின்னால் கட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கதையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: யாருடைய மண்ணுக்கடியில் எண்ணெய் இருந்ததோ அந்த ஈராக்குக்கு இந்தப் பங்கீட்டில் இடமே இல்லை. 1920-இல் சான் ரெமோ மாநாட்டில் அதற்கெனப் பேசப்பட்ட 20 சதவீதம் கைக்கு வரவேயில்லை. 1972-இல் ஈராக் அந்தக் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கியதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும்.

வந்த பணம் கலைக்குப் போனது. பாரிசின் அவென்யூ தியெனா 51-ஆம் எண் மாளிகை மெல்ல மெல்ல அருங்காட்சியகம் ஆயிற்று. எகிப்துச் சிற்பம், அசீரியப் புடைப்புச் சிற்பம், கிரேக்க நாணயம், இஸ்னிக் ஓடுகள், பாரசீக ரத்தினக் கம்பளம், ஆர்மீனிய ஏட்டுச் சுவடி, சீனப் பீங்கான், பிரெஞ்சு வெள்ளிப் பாத்திரம் என்று சுமார் 6,000 பொருள்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் நிபுணர்களிடம் கேட்டு, பேரம் பேசி, சில நேரம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். எண்ணெய் ஒப்பந்தத்தில் காட்டிய அதே பொறுமைதான். தன் சேகரிப்பைக் குழந்தைகள் என்றே அவர் குறிப்பிடுவார்.

நகைக் கலைஞர் ரெனே லாலிக் அவருடைய நண்பர். லாலிக் செய்த மார்புப் பதக்கம் ஒன்று இந்தச் சேகரிப்பில் தனித்து நிற்கிறது. ஒரு சாணுக்கும் மேல் அகலமான தட்டான்பூச்சி. அதன் வாயிலிருந்து இடுப்பளவு பெண்ணுருவம் பச்சை நிறத்தில் எழுகிறது. கீழே பொன்னில் வளைந்த நகங்கள். சிறகுகளில் எனாமலும் நிலாக்கல்லும் வைரமும். அழகும் அச்சமும் ஒரே பொருளில். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்வையாளர்களைத் திகைக்க வைத்த நகை இது.

1928 முதல் 1930 வரை நடந்தது இன்னும் பெரிய கொள்முதல். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்நியச் செலாவணி தேடிய சோவியத் அரசு ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தின் செல்வத்தை ரகசியமாக விற்றது. ரூபென்ஸ் வரைந்த ஹெலெனா ஃபூர்மான், ரெம்பிராண்டின் முதியவர் ஓவியம், பேரரசி காதரீன் வைத்திருந்த ஊதோனின் பளிங்கு டயானா ஆகியவை குல்பெங்கியான் கைக்கு வந்தன. வாங்கிக்கொண்டே, அருங்காட்சியகப் பொருள்களை விற்காதீர்கள் என்று சோவியத் அதிகாரி பியாத்தகோவுக்கு அவர் கடிதமும் எழுதினார். அவர்கள் கேட்கவில்லை, அடுத்துப் போன 21 ஓவியங்கள் அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ மெலனிடம் சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது ஈரானியத் தூதரகத்தோடு ஒட்டி பிரான்சின் விஷி அரசுப் பகுதியில் தங்கியதால், பிரிட்டன் அவரைச் சட்டப்படி எதிரியாகக் கணக்கிட்டு எண்ணெய்ப் பங்கை முடக்கியது. அந்தக் காயம் ஆறவில்லை. 1942-இல் நடுநிலை நாடான போர்ச்சுகலுக்கு வந்து, லிஸ்பனின் அவிஸ் ஹோட்டலில் தங்கினார். சேகரிப்பு லண்டனுக்கா, வாஷிங்டனுக்கா என்று பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. இரண்டு தேசிய ஓவியக் கூடங்களும் ஆவலோடு காத்திருந்தன. கடைசியில் கிடைத்தது லிஸ்பனுக்கு. 1953-இல் எழுதிய உயிலில் அறங்காவலராகக் குறித்திருந்தவர்களில் ஒருவர் சிரில் ராட்கிளிஃப். இந்தியா–பாகிஸ்தான் எல்லையை வகுத்த அதே ராட்கிளிஃப்தான்! அறக்கட்டளையை எங்கே நிறுவுவது என்ற தகராறில் அவர் விலகிக்கொள்ள, போர்ச்சுகீசிய வழக்கறிஞர் அசெரெது பெர்திகாவ் முதல் தலைவரானார்.

அறக்கட்டளை 1956-இல் தொடங்கியது. அருங்காட்சியகம் 1969-இல் திறந்தது. அவர் உயிரோடு இருந்தவரை மிகச் சிலரே கண்ட பொருள்களை அதன் பிறகு யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிந்தது. ஆனால், அவர் பணத்தால் விளைந்த பெரிய நன்மை அந்தக் கட்டடத்துக்கு வெளியே நடந்தது என்றே சொல்ல வேண்டும். 1958 முதல் அறக்கட்டளையின் புத்தக வேன்கள் எழுத்தறிவு குறைந்திருந்த போர்ச்சுகல் கிராமங்களுக்குப் போய், இலவசமாக நூல் கொடுத்தன. மன்னார்குடியில் 1931-இல் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓட்டிய தமிழருக்கு அதன் அருமை தெரியும்.

எண்ணெய்த் தொழிலை அறக்கட்டளையே 2019-இல் கைகழுவியது. பார்டெக்ஸ் என்ற தன் எண்ணெய் நிறுவனத்தைத் தாய்லாந்துக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் பணிக்கு 2020 முதல் 10 லட்சம் யூரோ பரிசு வழங்கி வருகிறது. 2024-இல் அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு, ஆந்திரப் பிரதேசத்தின் சமூக மேலாண்மை இயற்கை வேளாண்மைத் திட்டம். அரக்கோணத்தில் ரேணிகுண்டா ரயில் ஏறினால், திருத்தணி தாண்டியதும் அந்த மாநிலத்தின் வயல்கள் தொடங்கிவிடுகின்றன.