விடிய விடிய ஒரு வாய்ச்சண்டை!

பார்த்தவுடன் முறைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட்டு, கடைசி அத்தியாயத்தில் காதலில் விழும் ஜோடி... நடுவில் கொஞ்சம் மாயாஜாலம், நிறையச் சிரிப்பு. டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' போன்ற ஆங்கில நாவல்களை இதற்காகவே விரும்பிப் படிப்பவர்கள் உண்டு. இந்த ரசனை தமிழர்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை! தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளில் நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கும் 'வள்ளி திருமணம்' இதே வகைதான்.

வள்ளி-முருகன் காதல் சங்க இலக்கியத்திலேயே உண்டு. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் அதை விரிவாகப் பாடினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகம் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது.

தினைப்புனத்தில் கவண் எறிந்து பறவை விரட்டுகிறாள் வள்ளி. மானைத் தேடும் வேடனாக முருகன் வருகிறான். அவன் ஒன்று கேட்டால் அவள் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறாள். வேடன் வேஷம் பலிக்காமல் கிழவனாக வந்தும் காரியம் நடக்கவில்லை!

இந்த 'ஸ்பெஷல் நாடக'த்தில் நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது வழக்கமில்லை. பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நடுவில் வரும் தர்க்கத்தில் எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. அங்கேயே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். வள்ளி சட்டென்று சம்மதித்துவிட்டால் நாடகம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவள் 'முடியாது' என்பதால்தான் ஜனங்கள் விடியும்வரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நெருடல். வாதத்தில் வள்ளி தோற்பதில்லை. அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்டிய பிறகுதான், பயந்துபோய் முருகனிடம் ஓடுகிறாள். பயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமாகுமா? இன்றைய வாசகர்கள் காதல் நாவல்களைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்விதான் இது.

இந்த நாடகத்தில் முருகனாகவும் வள்ளியாகவும் ஜோடி சேர்ந்து புகழ்பெற்றவர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். இருவரும் பாட்டில் ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். 1920-களில் இலங்கையில் ஒரே மேடையில் பாடி நடித்தார்கள். காதல் மலர்ந்து 1927-இல் திருமணமும் நடந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பின்னாளில் மனக்கசப்பு வந்து பிரிந்தார்கள். 1933-இல், 27 வயதில் கிட்டப்பா காலமானார். அதன்பின் சுந்தராம்பாள் எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். நாடகம் திருமணத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அப்படி முடிவதில்லையே!

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது சுவரில் 'வள்ளி திருமணம்' போஸ்டர் கண்ணில் பட்டால், ஒரு ராத்திரி தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள். யானை வருவதற்கு முன்பு வள்ளி சொல்லும் பதில்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.