1995 கருத்தடை மாத்திரை அச்சம்

1995 கருத்தடை மாத்திரை அச்சம் என்பது, சில வகைக் கருத்தடை மாத்திரைகள் குருதி உறைவு இடரை இரு மடங்காக்குகின்றன என்ற அரசு எச்சரிக்கையை அடுத்து, ஐக்கிய இராச்சியத்தில் பெருந்தொகையான பெண்கள் மாத்திரையைத் திடீரென மாற்றியும் நிறுத்தியும் விட்ட நிகழ்வு ஆகும். மருந்து இடர் குறித்த செய்தியைப் பொதுமக்களிடம் எவ்வாறு எடுத்துரைப்பது என்பது பற்றிய பாடங்களில் இது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

பின்னணி

கூட்டுக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜென் என்னும் இருவகை இயக்குநீர்கள் உள்ளன. புரோஜெஸ்டோஜெனின் வகையைக் கொண்டே மாத்திரைகள் தலைமுறைகளாகப் பிரிக்கப்படுகின்றன. லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்டவை இரண்டாம் தலைமுறை. 1980களில் பரவலான டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் கொண்டவை மூன்றாம் தலைமுறை. முகப்பரு போன்ற தொல்லைகள் இவற்றில் குறைவு எனக் கருதப்பட்டதால், பழைய மாத்திரையிலிருந்து பலர் இவற்றுக்கு மாறியிருந்தனர். 1995இல் ஏறத்தாழ 15 இலட்சம் பிரித்தானியப் பெண்கள் இவற்றைப் பயன்படுத்தி வந்தனர்.

எச்சரிக்கை

1995 அக்டோபர் 18 அன்று, மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் மடல் அனுப்பியது. அதற்கு அடிப்படையான ஆய்வுகள் அப்போது வெளியாகியிருக்கவில்லை; அவை அவ்வாண்டு திசம்பரிலும் அடுத்த சனவரியிலுமே மருத்துவ இதழ்களில் வந்தன. பல மருத்துவர்கள் மடல் கைக்கு வருமுன் செய்திகளின் வழியாகவே இதனை அறிந்தனர். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்ற அறிவுரையும் எச்சரிக்கையுடன் இருந்தது. ஆனால் "இரு மடங்கு" என்ற சொல்லே மக்கள் மனத்தில் நின்றது.

எதன் இரு மடங்கு என்பதே முதன்மையான கேள்வி. குழு தந்த கணக்கின்படி, மாத்திரை உட்கொள்ளாத பெண்களில் ஆண்டொன்றுக்கு இலட்சத்தில் 5 பேருக்கும், இரண்டாம் தலைமுறை மாத்திரை உட்கொள்வோரில் 15 பேருக்கும், மூன்றாம் தலைமுறையில் 30 பேருக்கும் நாளக் குருதியுறைவு ஏற்படக்கூடும். கருவுற்ற பெண்களில் இந்த எண்ணிக்கை இலட்சத்துக்கு 60. அதாவது, எந்த இடருக்கு அஞ்சி மாத்திரை கைவிடப்பட்டதோ, அதே இடர் கைவிட்டதனால் வரக்கூடிய கருத்தரிப்பில் மேலும் இரு மடங்காக இருந்தது.

விளைவுகள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990இலிருந்து குறைந்து வந்த கருக்கலைப்பு எண்ணிக்கை, 1995இல் ஏறத்தாழ 1,54,000 ஆக இருந்து 1996இல் ஏறத்தாழ 1,68,000 ஆக உயர்ந்தது. 16 வயதுக்குட்பட்டோரிடையேயும் கருத்தரிப்பு கூடியது. உயர்வு முழுவதையும் இந்த எச்சரிக்கையின் மேல் சுமத்த இயலாது எனினும், பெரும்பங்கு அதனையே சாரும் என்பது பரவலான மதிப்பீடு.

மாத்திரையை மாற்றியவர்களுக்கும் இடையூறுகள் இருந்தன. இயக்குநீரின் வகையோ அளவோ மாறும்போது மாதவிடாய்க்கு இடையே குருதிக்கசிவு, குமட்டல், தலைவலி, மார்பக வலி, மனநிலை மாற்றம் ஆகியன தோன்றலாம். இவை பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடும். இதனை முன்னரே அறியாதவர்கள், மருந்து ஒவ்வவில்லை எனக் கருதி இரண்டாவது மாத்திரையையும் விட்டுவிடுவதுண்டு.

இடைவெளி விட்டு மாறுவது இன்னொரு சிக்கல். ஒரு கூட்டு மாத்திரையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், பழையதன் கடைசி இயக்குநீர் மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்கலாம். வழக்கமான மாத்திரையற்ற நாட்களுக்கு மேல் தாமதித்தால் கருத்தடை உறுதியற்றுப் போகும். மேலும், குருதி உறைவு இடர் மாத்திரை தொடங்கிய முதலாண்டில்தான் மிகுதி. நான்கு வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினாலும் அது உயர்கின்றது. எனவே அஞ்சி நிறுத்திச் சில மாதங்களில் திரும்பியவர்கள், தவிர்க்க எண்ணிய இடரையே தாமே கூட்டிக்கொண்டனர் எனலாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியன குருதி உறைவின் அறிகுறிகள். இவற்றுக்கு உடனே மருத்துவ உதவி தேவை. இவ்வுறைவு ஏற்பட்டவர்களில் 1 முதல் 2 விழுக்காட்டினர் இறக்கின்றனர்.

பிற்கால மதிப்பீடு

எச்சரிக்கை பொய்யன்று. 1999இல் மூன்றாம் தலைமுறைக்கான எண்ணிக்கை இலட்சத்துக்கு 25 எனத் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் மருந்து நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில், இடர் இரு மடங்குக்கு மேற்பட்டது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என 2002இல் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை மேற்கொண்ட மறு ஆய்வு, ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பெண்களில் லெவோநார்ஜெஸ்ட்ரல் பயன்படுத்துவோரில் 5 முதல் 7 பேருக்கும், டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் பயன்படுத்துவோரில் 9 முதல் 12 பேருக்கும் உறைவு ஏற்படுவதாக மதிப்பிட்டது. மாத்திரை உட்கொள்ளாத, கருவுறாத பெண்களில் அது 2. இம்மாத்திரைகளின் நன்மை இடரைவிட மிகுதி என்றும் அம்முகமை முடிவு செய்தது.

அதே 2013இல் பிரான்சிலும் இத்தகைய அச்சம் எழுந்தது. மூன்றாம் தலைமுறை மாத்திரைகளுக்கான காப்பீட்டுத் தொகையை அந்நாட்டு அரசு மார்ச்சு மாத இறுதியில் நிறுத்திக்கொண்டது.