பேர் விழாத நாட்கள்

வரலாறு என்றவுடன் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுகின்ற நாம், ஊவாத் தோட்டங்களுக்கு வரும்போது வேறு ஏடுகளைப் புரட்டவேண்டியவர்களாகிறோம். பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை மலைகளில் தொழிலாளியின் வாழ்வு இரண்டு புத்தகங்களில் அடங்கியது. ஒன்று செக்ரோல், மற்றொன்று தோட்டத்து டிஸ்பென்சரின் நோயேடு. செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. படுத்துவிட்டவனுக்குப் பேர் விழாது. ஆகவே காய்ச்சலோடு மலையேறியோர் பலர். அவர்களுள் அரைநாளில் திரும்பியவனுக்கு 'அரைப் பேர்'! மனிதனைப் பாதியாக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமோ?

நோயேடும் கருணையாற் பிறந்ததன்று. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய வட்டாரங்களாக வகுத்துச் செலவைத் தோட்டக்காரர் தலையில் வைத்தது. ஆஸ்பத்திரிச் செலவு தம் கணக்கில் ஏறும் என்று கண்ட துரைமார் பலர், நோயாளியை உயிர் ஊசலாடும் வேளையிலேயே அனுப்பினர். பின்னர் இச்செலவு ஏற்றுமதித் தீர்வைக்கு மாற்றப்பட்டது. 1912இல் சட்டம் திருத்தியமைக்கப்பட்டது. அரசாங்கம் ஏற்கும் வகையில் டிஸ்பென்சரும் மருந்தும் வைத்திருந்த தோட்டங்களுக்குத் தீர்வைப் பணத்தில் ஒரு பங்கு திருப்பித் தரப்பட்டது. அன்றுமுதல் ஏட்டை மேற்பார்வையாளர் கண்ணுக்காகவும் எழுதவேண்டியதாயிற்று. ஏட்டின் ஒழுங்குக்குப் பணம் உண்டு. நோயாளி பிழைத்தானா என்பதற்கு அந்தப் பணத்தில் இடமில்லை. இன்று தாளுக்குப் பதிலாகக் கணினி வந்தாலும், கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இந்த ஏடுகளை எழுதியவனும் பூட்டிவைத்தவனும் தொழிலாளி அல்லன். ஆயினும் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபின் அவற்றையே அவனிடம் கேட்டார்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்கக் கோரியது. விண்ணப்பத் தவணை இரண்டே ஆண்டு. முதலில் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரஸ் மனம் மாறுவதற்குள் அதிற் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அத்தாமதத்தை எளிதில் மன்னிக்க இயலவில்லை. அலுமாரியின் சாவி கிளாக்கரிடம்; கிளாக்கர் துரைக்கு அஞ்சுபவர். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு துண்டு வாங்க, விடியுமுன் லயத்தை விட்டு அலுவலக வாசலில் நின்றவனுக்கு அன்றைக்கும் பேர் விழவில்லை.

2003இன் குடியுரிமைச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவரையும் அவர் வழித்தோன்றல்களையுமே ஏற்றது. அதற்கிடையே அந்த ஏடுகளிற் பல கறையானுக்கு இரையாகிவிட்டன.