வாவ்: மலாய் மக்களின் பாரம்பரியப் பட்டம்

மலேசியாவின் கிளந்தான், திரெங்கானு, கெடா, பெர்லிஸ் ஆகிய வட மாநிலங்களிலும், அவற்றை அடுத்துத் தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள பட்டாணி வட்டாரத்திலும், தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டுவரும் பெரிய அலங்காரப் பட்டம் வாவ் எனப்படும். சிறுவர் பறக்கவிடும் சாதாரணக் காகிதப் பட்டத்திற்கு லாயாங்-லாயாங் என்ற பெயர் வழங்க, முதுகெலும்பும் இறக்கையும் வாலும் பொருந்தி, தலைப்பக்கத்தில் நாதமெழுப்பும் வில்லொன்றும் பூண்ட பட்டத்தையே மக்கள் வாவ் என்று சிறப்பித்துக் கூறுவர்.

இதன் தோற்றக் காலத்தை வரையறுத்துக் கூறுதல் அரிது. மலாக்கா சுல்தான்களின் சரித்திரத்தைக் கூறும் செஜாரா மெலாயு என்னும் நூலில் அரண்மனைச் சூழலில் பட்டம் விட்ட செய்தி காணப்படினும், இக்கலையைப் பேணி வளர்த்தவர் நெற்பயிரிட்ட குடியானவர்களே ஆவர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அறுவடையும் முடிந்து, வயல்கள் உலர்ந்து கிடக்கும் நாட்களில், உழைப்பினின்று விடுபட்ட கைகளுக்கும் தடையின்றி வீசும் காற்றிற்கும் ஏற்ற விநோதமாக இது அமைந்தது. மாக் யோங் என்னும் கிளந்தான் நாட்டிய நாடகத்தில் தேவ மூடா என்ற இளவரசன் வானுலக இளவரசியை அடைய வாவே சாதனமாகிறது. மண்ணையும் விண்ணையும் ஒரு நூலால் இணைக்கும் கற்பனை அம்மக்களின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கதையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாவின் வகைகள் பல. பூனையின் பெயர் பெற்ற வாவ் கூச்சிங், மயிலின் பெயர் பெற்ற வாவ் மேராக், கெடாவிற்குரிய வாவ் ஜாலா பூடி முதலியவை இருப்பினும், பிறை வடிவான வாலை உடைய வாவ் புலானே, அதாவது நிலாப் பட்டமே, யாவற்றினும் புகழ் வாய்ந்தது. அது பெரும்பாலும் ஆளுயரத்தை விஞ்சி நிற்கும்.

முற்றிய மூங்கிலை வெட்டி, பூச்சி அரிக்காதிருக்கும் பொருட்டுச் சில வாரங்கள் ஊறவைத்து, உலர்த்தி, பிளந்து, கத்தியால் மெல்லிய கழிகளாகச் சீவுகின்றனர். இரு இறக்கைகளின் கழிகளும் கனத்திலும் வளைவிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பக்கம் சிறிது கூடினும் பட்டம் அப்பக்கமே சாய்ந்துவிடும் என்பதால், கைவினைஞர் கழியை விரலின்மேல் கிடத்தி, எடை பார்த்து, மறுபடியும் சீவுவர். கூட்டின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டியபின் அலங்காரம் தொடங்குகிறது. வண்ணக் காகிதத்தை மடித்துக் கொடியும் மலருமாக வெட்டினால் வலமும் இடமும் தாமே ஒத்துவிடுகின்றன. அவ்வாறு வெட்டிய வண்ணங்களை அடுக்கடுக்காக ஒட்டி, மேல் அடுக்கின் இடைவெளிகளில் கீழ் அடுக்கின் நிறம் மிளிரச் செய்கின்றனர். மேகம் படர்வதுபோல் ஓடும் இக்கொடி வேலைக்கு ஆவான் லாராட் என்று பெயர். இஸ்லாமிய மரபைத் தழுவிய இக்கலையில் மனித உருவமும் விலங்குருவமும் விலக்கப்பட்டுத் தாவர உருவங்களே பெருகின. எத்தனை அடுக்காயினும் பாரம் மிகாதபடி ஒட்டுவதிலேதான் உண்மையான வித்தை இருக்கிறது என்பது என் கருத்து. அழகின் பொருட்டுப் பறக்கும் ஆற்றலை இழந்த வாவ் வெறும் சித்திரமேயாகும்.

இறுதியாகத் தலையருகே வில் பூட்டப்படுகிறது. வில்லின் இரு முனைகளுக்கிடையே விறைப்பாகக் கட்டிய மெல்லிய ஓலைப்பட்டை, காற்று மோதும்போது அதிர்ந்து, நெடுந்தொலைவு கேட்கும் ரீங்காரத்தை எழுப்புகின்றது. இரவு முழுவதும் வாவைக் கட்டி வைத்துவிட்டு, அதன் ஓசையில் கண்ணயர்வதும், அது தணிவதையும் உயர்வதையும் கொண்டு மறுநாள் வானிலையை ஊகிப்பதும் கிராம வழக்கமாக இருந்தன.

சுதந்திர மலேசியா வாவைத் தேசியச் சின்னமாக ஏற்றது. 1989இல் வெளிவந்த 50 சென் நாணயத்தில் வாவ் புலான் பொறிக்கப்பட்டது, தேசிய விமான நிறுவனத்தின் இலச்சினையும் வாவின் வடிவத்தைத் தழுவியதே. ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் சர்வதேசப் பட்டத் திருவிழாவும் பட்ட அருங்காட்சியகமும் உள்ளன. ஆயினும் வீட்டுச் சுவருக்கென்று வில்லின்றிச் செய்யப்படும் வாவ்கள் கடைகளில் மிகுந்துவருவது வருந்தத்தக்கது. கிளந்தானின் போட்டிகளில் இன்றும் வேலைப்பாட்டுடன் உயரமும் ஓசையும் சேர்த்தே மதிக்கப்படுகின்றன.