சப்பானிய மொழிக் கல்வியும் கொங்குநாட்டு நெசவு வரலாறும்

பிற நாட்டு மொழியொன்றைக் கற்பது வாணிகத்தின் பொருட்டோ அறிவின் பொருட்டோ என்னும் வினா பலராலும் எழுப்பப்படுவது. பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூர் வட்டாரத்தை நோக்குங்கால், இவ்விரண்டையும் பிரித்தல் இயலாது என்பது புலனாகும். சப்பானிய மொழியை அந்நாட்டு வரலாற்றோடும் பண்பாட்டோடும் ஒருங்கே கற்பிக்கும் பல்கலைக்கழகக் கல்வி இவ்வட்டாரத்துக்கு இன்றியமையாதது என்பதை யாம் ஈண்டு நிறுவ முயல்வோம்.

முதற்கண் பருத்தி வாணிகத்தைக் காண்போம். பின்னற்றொழில் வளம்பெறுவதற்கு முன்னரே திருப்பூர் பருத்திச் சந்தையாகப் பெயர்பெற்றிருந்தது. 1933-ஆம் ஆண்டில் இந்திய அரசு, பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிமீது 75 விழுக்காடு வரி விதித்தது. அதனால் வெகுண்ட சப்பானிய ஆலையார் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தனர். பின்னர்ச் சிம்லாவில் பேச்சு நிகழ்ந்து, 1934-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி சப்பான் ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் பொதி பருத்தி வாங்கின் 32.5 கோடி கெசம் துணி அனுப்பலாம். 15 இலட்சம் பொதி வாங்கின் 40 கோடி கெசம் வரை அனுப்பலாம். உழவன் பருத்தி மிகுதியாக விலைபோகுந்தோறும் நெசவாளனுக்குப் போட்டியாகும் துணியும் மிகும். இம் முரணை ஆங்கில ஆவணங்கள் ஒரு பக்கத்தினின்றே காட்டுகின்றன. சப்பானிய ஆலையார் கருதியது யாதென அறிதற்கு அவர்தம் மொழியிலமைந்த மூலங்களே துணையாவன.

இனி, அந்நாட்டறிஞர் நம்மை அறிந்த முறையை நோக்குவோம். நொபுரு கரசிமா 1961-இல் தமிழகம் போந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அந்நாளில் உதகமண்டலத்திலிருந்த கல்வெட்டு அலுவலகத்திலும் பயிற்சி பெற்றார். தமிழ்க் கல்வெட்டுகளை மூலத்திலேயே கற்றமையால் சோழர்கால நிலவுடைமை, வரி, ஆட்பெயர் ஆகியவற்றை அவரால் நுணுகி ஆராய முடிந்தது. எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-இல் வெளிவந்தது. 1995-இல் தஞ்சையில் நிகழ்ந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஆனால் சப்பானிய மூலங்களை இங்ஙனம் கற்றறிந்த தமிழர் மிகச் சிலரே.

இக் குறை சுசுமு ஓனோவின் கொள்கையை ஆராயுமிடத்துப் பெரிதும் புலப்படும். டோக்கியோவிலுள்ள கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய அவர், நெல், உலோகம், நெசவு ஆகியவற்றோடு தமிழ்ச் சொற்களும் பண்டு சப்பானுக்குச் சென்றன என்றார். பேராசிரியர் பொன். கோதண்டராமனும், யாழ்ப்பாணத்து அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் ஆய்வில் ஈடுபட்டனர். மொழிநூலாருட் பெரும்பாலோர் அக் கொள்கையை ஏற்றிலர். தமிழ்நாட்டில் அதனைப் போற்றினோர் பலர். சப்பானிய மொழி வரலாறு கற்று ஆராய்ந்தோரோ மிகச் சிலர். தறியைக் குறிக்கும் சப்பானியச் சொல் இக்காலத்து 'ஹதா' என ஒலிக்கும். இத்தகைய சொற்களின் முதலிலுள்ள ஹகரம் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது அம்மொழி வரலாற்றாரின் முடிபு. இதனை அறியாதார் ஓனோவை ஏற்றலும் மறுத்தலும் செவிவழிச் செய்தியாகவே முடியும்.

இன்றைய நிலையும் இதனை வலியுறுத்தும். இந்திய - சப்பானிய விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை 2011 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயத்த ஆடைகள் வரியின்றி அந்நாடு செல்ல வழி பிறந்தது. திருப்பூர்த் தொழிலகங்களில் ஓவர்லாக், பேட்லாக் முதலிய தையலுக்குச் சப்பானிய நிறுவனப் பொறிகள் பயன்படுகின்றன. சப்பானில் விற்கும் ஆடையின் இழைக் கலப்புக் குறிப்பும் அந்நாட்டு மொழியில் அமைதல் வேண்டும். சில திங்கள் பேச்சுப் பயிற்சி இத்தகைய உடனடித் தேவைக்கு உதவலாம். ஆயினும் 1934-இல் உழவனும் நெசவாளனும் எதிரெதிர் நின்ற நிலை மீண்டும் வரின், மறுதரப்பார் கருத்தை ஆராய்ந்து கூற அது போதாது.

விசுவபாரதியிலும் தில்லிப் பல்கலைக்கழகங்களிலும் சப்பானியக் கல்வி பல்லாண்டுகளாக நடைபெறுகின்றது. கொங்குநாட்டிலும் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை, நெசவுத் தொழிற்கல்வி ஆகியவற்றோடு இயைந்த சப்பானியவியல் துறை அமைதல் வேண்டும். கரசிமா நம் கல்வெட்டைக் கற்றதுபோல் நம் மாணவர் அவர்தம் ஆவணங்களைக் கற்பாராயின், திருப்பூரின் வாணிகமும் பயன்பெறும். தமிழாராய்ச்சியும் செவிவழிச் செய்தியினின்று விடுபடும் என்பது எம் துணிபு.