கம்பியின் கடைசி முழம்

மேசைக் கணினி ஒன்றில் தொலைபேசி இணைப்பு அட்டையைப் பொருத்துவது பெரிய வித்தை அன்று. கணினியை நிறுத்தி மின்சார இணைப்பை எடுத்துவிட வேண்டும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியபின், உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் நீங்கும் பொருட்டு அதன் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட வேண்டும். மதர்போர்டில் காலியாக உள்ள ஸ்லாட் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நேரே பின்புறத்தில் உள்ள சிறு தகட்டை நீக்கி, அட்டையை இரு கைகளாலும் சீராக அழுத்தினால் அது தன் இடத்தில் அமர்ந்துவிடும். பிறகு ஒரு திருகாணி. அதன்பின் சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியின் முனை. கால் மணி நேரத்தில் முடியும் வேலை. ஆனால், 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட பின்னர், தன் வீட்டுச் சுவர்வரை வந்து சேரும் அக்கம்பியில் ஒரு குடிமகன் தன் சொந்தக் கருவியை இணைக்கலாம் என்று அமெரிக்க நாட்டில் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு 92 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை 'அட்டை' என்றே எழுதி வருகிறோம். குருதி உறிஞ்சும் அட்டை சிலருக்கு நினைவு வருமாயின் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இதுவும் ஓரிடத்தைக் கவ்விக்கொண்டு வாழ்வதுதானே! எனினும் 'கார்டு' என்று கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். நாமும் இனி அவ்வாறே சொல்வோம்.

தொலைபேசிக் கம்பி உயிரற்ற கம்பி அன்று. தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்கள் அதில் எப்பொழுதும் சுமார் 48 வோல்ட் மின்னழுத்தத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன. மணி அடிக்கும்பொழுது அதன்மேல் ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்சாரம் வந்து மோதும். கணினியின் உள்ளிருக்கும் நுண்சில்லுகளோ 5 வோல்ட்டிலும் அதற்குக் குறைவான அழுத்தத்திலும் இயங்குபவை. ஆகவே கார்டின் முதற்கடமை, இவ்விரண்டையும் ஒன்றோடொன்று தீண்டாமல் வைத்துக்கொண்டே குரலை மட்டும் அப்பாலும் இப்பாலும் கடத்துவதாகும். இதில் இருவகை உண்டு. நிலையத்திலிருந்து வரும் கம்பியை ஏற்பது எஃப்.எக்ஸ்.ஓ. வகை, சாதாரணத் தொலைபேசி ஒன்றுக்குத் தானே மின்சாரமும் மணியோசையும் வழங்குவது எஃப்.எக்ஸ்.எஸ். வகை. இரண்டாவது வகைக்கு, ஹார்டு டிஸ்க்குக்குக் கொடுப்பது போன்ற தனி மின்இணைப்பும் வேண்டியிருக்கும். இரண்டின் வாயும் ஒரே வடிவத்தில் இருப்பதால், நிலையத்துக் கம்பியைத் தவறான வாயில் மாட்டிக் கார்டைக் கருக்கிக்கொண்டவர் பலர்.

அமெரிக்காவின் தொலைபேசி முழுவதையும் பெரும்பாலும் தன் ஆட்சியில் வைத்திருந்த பெல் நிறுவனம் சொன்ன காரணமும் இம்மின்சாரமே. அயலான் ஒருவனது கருவி வழியைக் கெடுக்கும், பழுது பார்க்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து விளைக்கும் என்றது அது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்நிறுவனம் எதிர்த்த முதல் பொருள்களுள் ஒன்று மின்சாரமே இல்லாதது. 'ஹஷ்-எ-ஃபோன்' என்னும் பெயர் கொண்ட அது, பேசும் வாயின்மீது பொருத்தும் கிண்ணம் போன்ற ஒரு மூடி. பேசுவது அருகிலிருப்போர் காதில் விழாதபடி தடுப்பது. அதையும் கூடாது என்று நிறுவனம் தடுத்தது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமும் அதற்கு இசைந்தது. 1956-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது. பிறருக்குக் கேடில்லாதபடி தன் தொலைபேசியைத் தன் வசதிக்கேற்பப் பயன்படுத்தும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அடுத்த அடி டெக்சாஸ் மாநிலத்தில் விழுந்தது. எண்ணெய் வயல்களில் வேலை செய்வோர் வானொலிக் கருவியின் மூலமாகவே நகரத்துத் தொலைபேசியுடன் பேசும் வண்ணம், தாமஸ் கார்ட்டர் என்பவர் ஒரு கருவி அமைத்தார். 'கார்ட்டர்ஃபோன்' எனப்பட்ட அதன் தொட்டிலில் தொலைபேசியின் கைப்பிடியை வைத்தால் போதும். கம்பிக்குக் கம்பி இணைப்பு எதுவும் இல்லை. 1959 முதல் 1966 வரை இவற்றுள் சுமார் 3,500 விற்றன. பெல் நிறுவனம் எதிர்க்கவே, வழக்கு ஆணையத்தின் முன் வந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆணையம் கார்ட்டரின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பியின் கடைசி முழம் நிறுவனத்தின் கையிலிருந்து சந்தாதாரரின் கைக்கு வந்த நாள் அது எனலாம். வந்தது மெதுவாகவே வந்தது. முதலில் நிறுவனத்திடமே வாடகைக்குப் பெறும் காப்புப்பெட்டி ஒன்றின் வழியேதான் இணைக்க வேண்டும் என்றனர். 1970-களின் பிற்பகுதியில்தான், பதிவு செய்யப்பட்ட கருவியை நேரடியாக மாட்டலாம் என்ற விதி நிலைபெற்றது.

விதி தளர்ந்ததும் கார்டு பிறந்தது. அட்லாண்டா நகரில் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் 1977-ஆம் ஆண்டில் சிறு கணினிக்குள் பொருத்தும் மோடம் கார்டை விற்கத் தொடங்கினர். நொடிக்கு 300 பிட்டு, அஃதாவது சுமார் 30 எழுத்து; நிதானமாகப் படிப்பவர் அதனோடு சேர்ந்தே படித்துவிடலாம்.

எழுத்தை அனுப்புவது ஒன்று. மனிதக் குரலையே கணினி வாங்கிக் கையாள்வது வேறொன்று. நொடிக்கு 8,000 முறை குரல் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டாகக் குறிக்கப்படுகிறது. இவ்வேலைக்கென 1980-களில் வந்த கார்டுகளில் தனிச் செயலிகள் இருந்தன. விலை பெரிய நிறுவனங்களுக்கே எட்டும். ஜிம் டிக்சன் என்னும் பொறியாளர், சாதாரணக் கணினியின் மூளையே இதைச் செய்யும் அளவிற்கு வேகம் பெற்றுவிட்டது என்று கண்டு, அறிவில்லாத எளிய கார்டு ஒன்றை அமைத்தார். 'டொர்மென்டா' என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் புயல் என்று பொருள். உழுபவனுக்கு நிலம் வேண்டிப் போராடிய மெக்சிகோவின் எமிலியானோ சபாட்டாவின் பெயரைத் தம் முயற்சிக்குச் சூட்டி, கார்டின் வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பெயர் வைப்பதில் இவ்வளவு பொருத்தம் அரிதாகவே வாய்க்கும். இதே காலத்தில், 1999-ஆம் ஆண்டில், அலபாமாவில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஸ்பென்சர், அலுவலகத் தொலைபேசி நிலையம் வாங்கப் பணமின்றித் தாமே 'ஆஸ்டரிஸ்க்' என்ற மென்பொருளை எழுதினார். கார்டும் மென்பொருளும் சேர்ந்தன. மேசைக் கணினி தொலைபேசி நிலையமாயிற்று.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. அக்கார்டு நொடிக்கு 1,000 முறை கணினியைத் தட்டி எழுப்பி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வழியிலிருந்தும் 8 அளவுகளைக் கையில் கொடுக்கும். கணினி வேறு வேலையில் ஒரு கணம் அயர்ந்தால் பேச்சில் கரகரப்பு எழும். எனவேதான் பொருத்துவோர் கார்டை ஒரு ஸ்லாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தனர்.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்றது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்தியையும் பின்னர் தொலைபேசியையும் அரசின் தனியுரிமை ஆக்கியது. பெங்களூரில் 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. ஆலையின் கறுப்புத் தொலைபேசி, வீட்டிலிருந்தாலும் துறையின் உடைமையாகவே இருந்தது. இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் முதல் நாளன்று அனுமதிக்கப்பட்டபொழுதும், அதை இந்தியாவினுள் உள்ள சாதாரணத் தொலைபேசியுடன் இணைப்பதற்குத் தடை நீடித்தது. கார்டு பொருத்திய கணினி ஒன்று, வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வந்த அழைப்பை உள்ளூர்க் கம்பியில் இறக்கிவிட்டால் அது சட்ட விரோதத் தொலைபேசி நிலையம். வருவாய் இழப்பையும் நாட்டின் பாதுகாப்பையும் பற்றிய அரசின் கவலை வீண் அன்று. ஆயினும் பெல் நிறுவனத்தின் பழைய வாதத்தில் போலவே இதிலும், கேடு செய்வோனும் கேடற்றவனும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டனர் என்பதே நம் எண்ணம். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018-இல் வழி திறந்தது. உரிமமின்றிச் செய்வது இன்றும் குற்றமே.

கணினியும் தொலைபேசியும் சந்திப்பதால் யாருக்கு என்ன பயன் என்பதற்குச் சத்தீஸ்கரைப் பார்க்கலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோண்டி மொழி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். அவர்களுள் எழுதப் படிக்க அறியாதோர் மிகப் பலர். பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-இல் தொடங்கிய 'சி.ஜி.நெட் ஸ்வரா'வின் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால், மறுமுனையில் விடையளிப்பது ஒரு கணினி. ஊதியம் வரவில்லை, ஆசிரியர் பள்ளிக்கு வருவதில்லை, கைப்பம்பு பழுதாகிக் கிடக்கிறது என்று தம் மொழியிலேயே சொல்லிப் பதிவு செய்யலாம். சரிபார்த்தபின் அதைப் பிறர் அழைத்துக் கேட்கலாம். வானொலியில் ஒருவர் பேசப் பலர் கேட்கின்றனர். இங்கே கேட்டவரே மறுநாள் பேசுபவராகவும் ஆகிறார்.

இன்று புதிதாகக் கார்டு பொருத்துவோர் குறைவு. பேச்சு இணையக் கம்பியிலேயே வந்துவிடுகிறது. பழைய ஸ்லாட்டுகள் பல புதிய கணினிகளில் இல்லை. லிஃப்ட்டின் அபாயத் தொலைபேசிக்காகவும் பழைய ஃபாக்ஸ் எந்திரத்திற்காகவும் செப்புக் கம்பியை விடாது வைத்திருக்கும் கட்டடங்களில்தான் இக்கார்டுக்கு இன்னும் வேலை உண்டு.