கலிங்குக் கற்கள்

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கோடையில் சென்றவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். கண்மாய்க் கரையின் ஓரிடத்தில் தாழ்வான கற்கட்டடம். அதன்மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்கள். நீரில்லாத காலத்தில் ஆடு மேய்ப்பவர் சாய்ந்து இளைப்பாறுவதைத் தவிர அவற்றுக்கு வேறு பயன் தெரியாது. அந்தக் கட்டடந்தான் கலிங்கு. கண்மாய் நிரம்பியபின் மிகுதி நீர் வழிந்தோடும் வாசல் அது.

வழிந்தோடும் இடத்தில் கற்களை ஏன் நட்டார்கள்?

இவ்வட்டாரத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். தை பிறந்தபின் வானத்தை நம்ப முடியாது. ஆகவே கண்மாயின் நீர்மட்டம் ஆண்டுக்கொருமுறை ஏறும். பிறகு பாசனத்தாலும் வெயிலாலும் இறங்கிக்கொண்டே போகும். மழை தொடங்கும்போது கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் திறந்தே இருக்கும். வெள்ளம் தடையின்றி வெளியேறும். பருவம் முடியும் தறுவாயில் அச்சந்துகளை வைக்கோலும் களிமண்ணும் கொண்டு அடைப்பார்கள். மட்டம் மேலும் ஓரடி, இரண்டடி உயரும்.

ஓரடிதானே என்று எண்ணிவிடாதீர்கள். கண்மாய் செங்குத்துச் சுவர் கொண்ட தொட்டியன்று. தாம்பாளம்போல் மேலே விரிந்தது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 10 அடி ஆழமுள்ள கூம்பு வடிவப் பள்ளத்தில் மேலுள்ள 1 அடியில் மட்டும் மொத்த நீரில் 27 விழுக்காடு அடங்கும்! நெற்கதிர் பால்பிடிக்கும் நாட்களில் வயலுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்குமா என்பது இந்த ஓரடியில் இருக்கிறது.

எந்த நாளில் அடைப்பது? சிக்கல் இங்கேதான். முந்தி அடைத்தபின் புயல்மழை வந்தால் கரை உடையும். கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் கண்மாய் உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க் கண்மாயையும் உடைத்துவிடும். பிந்தினாலோ, தேக்குவதற்கு நீர் வராது. போதாக்குறைக்கு, மட்டம் உயர்ந்தால் உள்வாயில் பயிர் வைத்தவர்களின் நிலம் மூழ்கும். ஊர்ச் சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

முடிவெடுக்க ஆட்கள் இருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள். நீர் ஒருமுறை ஏறி இறங்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். தென் மாவட்டங்களில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்போர் மடையைக் காத்து, களத்தில் நெல்லைக் கூலியாகப் பெற்றனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. உடையும் கரையைக் காக்க ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கச் சென்னை மாகாணத்தில் 1858-இல் சட்டமே போட்டார்கள். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே, அதிலிருந்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. பொறியாளர்கள் ஏரி ஏரியாகச் சென்று கரையின் உயரம், கலிங்கின் நீளம், மடையின் மட்டம் ஆகியவற்றை அளந்து பதிந்தனர். ஆனால் இராமநாதபுரமும் சிவகங்கையும் பெருமளவில் ஜமீன் நிலங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்த பிறகே அங்குள்ள கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர்வாரும் பணியைத் தொடங்கியது. இன்றும் பல கண்மாய்களில் வண்டல் படிந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அங்கெல்லாம் நீர் கலிங்கைத் தொட்டாலும் முன்போல் கொள்ளளவு இல்லை. அடுத்தமுறை அப்பக்கம் போனால் அக்கற்களின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் நெடுக்காக ஒரு பள்ளம் இருக்கும். களிமண்ணுக்குப் பதில் பலகை செருகுவதற்காக வெட்டியது அது.